பச்சை காட்டிய பெட்டி

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் எல்லோருக்கும் தண்ணீர்ப் பேச்சுதான். ஐந்தருவியில் விழுகிறதா, மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா என்று மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கும். அந்த ஊரில் தண்ணீரைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆள் ஒருவன் உண்டென்றால் அது கிதிர் முகம்மதுதான். தண்ணீரை நிறுத்துவதே அவன் பிழைப்பு.

சில லாட்ஜுகளுக்கு அவன்தான் பிளம்பர், எலக்ட்ரீசியன் எல்லாம். குளியலறை மூலையில் கசிவு, ஜன்னல் சட்டத்தோரம் சாரல் ஒழுகல், மொட்டை மாடியில் விரிசல் என்று காலையிலிருந்தே கூப்பிடுவார்கள். சிலிக்கான் பேஸ்ட் குழாய் மாட்டிய கன் ஒன்று துப்பாக்கி மாதிரி அவன் கையிலேயே இருக்கும். வெள்ளையாக ஒரு கோடு இழுத்து, விரலால் ஒரு தடவு தடவுவான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் இறங்காது. லாட்ஜ்காரர்களுக்கு அவன் ‘பேஸ்ட்டு பாய்’.

அந்தப் பேஸ்ட் காய்கிறவரை வினிகர் போலப் புளித்த வாடை அடிக்கும். எத்தனை தடவை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. சாயங்காலம் அவன் தென்காசியில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து பர்சானா சொல்லுவாள்: “ஊறுகா பரணி வந்துட்டு.”

கிதிரும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். எங்கள் செட்டில் முக்கால்வாசிப் பேர் வளைகுடாவுக்குப் போனோம். அவனும் தம்மாமுக்குப் போனான். போன இடத்தில் நல்ல வேலைதான். ஆனால் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பர்சானாவுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. போனில் பேச ஆரம்பித்தால் பாதிப் பேச்சில் மூச்சு வாங்கும். “நீங்க அங்கன உக்காந்து நான் இழுக்கதை கேக்கதுக்கா போன்காரனுக்குக் காசு குடுக்கீய?” என்று கேட்டிருக்கிறாள். விசா முடியும் முன்பே திரும்பி வந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. அவளுடைய மூச்சுதான் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை என்று சொல்லலாம். எந்த மாத்திரை, எந்தப் பம்ப், எந்தக் காற்றுக்கு எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அந்த ஜன்னல்களில் மேற்கு ஜன்னல் ஒன்று. தெருவுக்கு மேற்கே, தூர்ந்துபோன குளத்தின் கரையில் சுடலைராஜின் காயலான்கடை. பழைய வயர்களைக் குவித்துக் கொளுத்தி, மேலுள்ள பிளாஸ்டிக் எரிந்ததும் உள்ளேயிருக்கிற செம்பை எடுப்பான். கருப்பாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி ஒரு புகை. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது அவ்வளவும் நேராக எங்கள் தெருவுக்குள் வரும். அதனால் வருஷா வருஷம் சீசன் தொடங்கியதும் பர்சானா சிவகிரியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். காற்று அடங்கியபின் வருவாள்.

கிதிர் சண்டைக்கும் போயிருக்கிறான்.

“பாய், நான் கொளுத்துதது ஒரு கூடை வயரு. ஒங்க தெருவுல கல்யாணம்னா எத்தனை பிரியாணி அடுப்பு எரியுது? அதுல வராத பொகையா?” என்றான் சுடலைராஜ்.

“வெறகுப் பொகை வேற அண்ணாச்சி. ஒம்ம பொகை வந்தா எம் பொண்டாட்டி நெஞ்சு சொல்லீரும்.”

“அப்ப ஒம் பொண்டாட்டி நெஞ்சைக் கொண்டுபோயி ஆபீசுல சாட்சி சொல்லச் சொல்லும்.”

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள், மரியாதையான வார்த்தைகளில். மனு கொடுக்கப் போன தெருக்காரர்களிடம், புகை எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, இரண்டையும் காட்டினால் நடவடிக்கை எடுக்கலாம் என்றார் அதிகாரி. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இந்த விஷயம் வந்தது. தோஹாவிலும் ரியாத்திலும் உட்கார்ந்துகொண்டு ஊரில் மழையா வெயிலா என்று போனைத் தடவுகிற கூட்டம் நாங்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, காற்றை அளக்கிற பெட்டிகள் மூன்று வாங்கிக் கொடுத்தோம்.

பெட்டியைச் செய்து கொடுத்தவர் ஜெஸ்வின். செங்கோட்டைப் பக்கம், பாலிடெக்னிக்கில் வாத்தியார். முதல் பெட்டியைக் கிதிர் வீட்டு முன்சுவரிலேயே மாட்டினார். பர்சானா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வெள்ளீயம் தெரியும்லண்ணே? பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அது. அதோட ஆக்சைடு ஒரு பொட்டு இதுக்குள்ள இருக்கு. அடியில ஊசி முனை மாதிரி ஒரு ஹீட்டர். எப்பவும் சூடாவே இருக்கும்.”

“எதுக்கு சார் சூடு?” என்றான் கிதிர்.

“சூடா இருந்தாத்தான் காத்துல இருக்குத ஆக்சிஜன் அது மேல வந்து ஒட்டும். ஒட்டிக்கிட்டு கரண்ட்டை சரியா ஓட விடாது. பொகையில உள்ள கேஸ் வந்துச்சுன்னா அந்த ஆக்சிஜனைப் பிடுங்கீரும். கரண்ட் ஓடும். அதை அளந்து போனுக்கு அனுப்பும். பச்சைன்னா நல்ல காத்து, செவப்புன்னா மோசம்.”

“அப்ப அதுக்கும் என்னைய மாதிரிதான்” என்றாள் பர்சானா. “பொகை வந்தா ஆக்சிஜன் போயிருது.”

மூன்று பேரும் சிரித்தார்கள். கிளம்பும்போது ஜெஸ்வின் சொன்னார்: “ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி மட்டும் பட விடாதீங்க. ஈரம் இதுக்கு ஆகாது.”

“தண்ணியா?” என்றான் கிதிர். “அதை எங்கிட்ட விட்ருங்க சார்.”

சித்திரையும் வைகாசியும் நன்றாக ஓடின. சாயங்காலம் சுடலைராஜ் தீ வைத்தால் கொஞ்ச நேரத்தில் எங்கள் போன்களில் மூன்று பெட்டிகளும் மஞ்சளாகி, சிவப்பாகும். ஊரில் வாடை அடிக்கும் முன்பே தோஹாவில் எங்களுக்குத் தெரிந்துவிடும். “எரிக்கான்லே, எரிக்கான்!” என்று குரல் செய்திகள் பறக்கும். அது சுடலைராஜின் காதுக்கும் போனது. தீ வைப்பதைக் குறைத்தான். பர்சானா தலையணையை அடுக்கி வைத்துச் சாயாமல், நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அதிகாரி வரைபடங்களைப் பார்த்துவிட்டு, மேல்காற்று காலத்துக் கணக்கும் வரட்டும், அதற்குப் பிறகு விசாரணை வைக்கிறேன் என்றார். நியாயமான பேச்சுதான்.

பிறகு சாரல் வந்தது.

தென்காசிச் சாரல் மேலிருந்து விழுகிற மழையில்லை. காற்றோடு பக்கவாட்டில் வந்து, துணி, தீப்பெட்டி, உப்பு என்று எதிலும் புகுந்துவிடும். பெட்டிக்குள்ளும் புகுந்தது. மூன்று பெட்டிகளும் காலையிலிருந்தே சிவப்பு. சுடலைராஜ் கடையைத் திறக்காத அன்றும் சிவப்பு. டீக்கடையில் வைத்து அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான்:

“என்ன பாய், இன்னைக்கு நான் வீட்டுல படுத்துக் கெடக்கேன். ஒம்ம பெட்டி கத்துது. மழைக்குத் தவளை கத்தும்பாவ. ஒங்க கல்ஃப்காரன் காசு குடுத்து தவளையா வாங்கினிய?”

கடையே சிரித்தது. கிதிர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான். ஜெஸ்வினுக்குப் போன் போட்டான். பரீட்சை வேலையில் இருந்தார். ஈரத்துக்குத் தகுந்த மாதிரி கணக்கைத் திருத்த வேண்டும், முடிந்ததும் வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றார்.

அவன் பொறுக்கவில்லை. ஊரெல்லாம் தண்ணீரை நிறுத்துகிறவன் வீட்டுப் பெட்டியில் தண்ணீர் புகுந்துவிட்டது. மறுநாளே மூன்றையும் கழற்றி, பல்பு வெளிச்சத்தில் காய வைத்தான். மூடியைச் சுற்றி, வயர் நுழைகிற துளையைச் சுற்றி, உள்ளே அந்த ஆக்சைடு பொட்டை வைத்து வலையால் மூடிய சின்னத் தகரக் குப்பி உட்கார்ந்திருக்கிற குழியைச் சுற்றி, எல்லா இடுக்கிலும் பேஸ்ட்டைப் பிதுக்கி விரலால் தடவினான். குப்பியின் வலை மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டான். காற்று போக வழி வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவன் வாழ்க்கையில் செய்த சுத்தமான வேலைகளில் அது ஒன்று.

“அதுக்கும் ஊறுகா மணம் ஏத்தியாச்சா?” என்றாள் பர்சானா.

மாட்டிய அன்றும் மறுநாளும் எண்கள் தாறுமாறாக எகிறின. பேஸ்ட் காய்கிறது என்றான் கிதிர். அவன் சொன்னபடியே பிறகு அடங்கியது. மஞ்சள், அப்புறம் பச்சை. வெளியே சாரல் வீசி அடிக்கிறது, பெட்டி பச்சை. குழுவில் எங்களுக்கெல்லாம் ஒரே குதூகலம். “கிதிரு, நீ எஞ்சினியருலே!” என்று ரியாத்திலிருந்து ஒருவன். அந்தக் குரல் செய்தியைக் கிதிர் டீக்கடையில் சத்தமாகப் போட்டுக் காட்டினான் என்று கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகு பெட்டிகள் பச்சையை விட்டு நகரவேயில்லை.

சீசனில் அவன் விடியும் முன்னே குற்றாலத்துக்குப் போனால் இருட்டியபின்தான் வருவான். சுடலைராஜ் பகலில் கொளுத்தினான். பெட்டி வாயைத் திறக்கவில்லை என்று கண்டதும் துணிந்து கொளுத்தினான். ஒரு நாள் லாட்ஜின் மூன்றாம் மாடி ஜன்னலில் கிதிர் தொங்கிக்கொண்டிருக்கும்போது பர்சானாவின் போன்.

“மச்சான், வயரு கொளுத்துதான்.”

அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். “பச்சையாத்தான் இருக்கு ஏட்டி. சாரல் ஈரத்துக்கு ஒனக்கு இழுக்கும்.”

“மூக்கு எனக்கு இருக்கா, பெட்டிக்கு இருக்கா?”

“ஒனக்குப் பயம் இருக்கு. பெட்டிக்கு அது கெடையாது. அதான் வித்தியாசம்.”

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேனே” என்றாள். “எப்பவும் போறதுதான?”

“இந்த வருசம் எதுக்குப் போணும்? காத்து நல்லாருக்கு. நீ போயிட்டேன்னா சுடலைராஜ் என்ன சொல்லுவான்? பெட்டி பொய்யி, அதான் பாய் பொண்டாட்டிய அனுப்பிட்டான்னு ஊரெல்லாம் சிரிப்பான். விசாரணை முடியட்டும்.”

“சரி. ஒங்க பெட்டி சொல்லுதபடியே மூச்சு விடுதேன்.”

இதைக் கிதிர் பின்னால் என்னிடம் சொல்லும்போது அவள் குரல் மாதிரியே சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என்றான்.

ஆடி மாதம் நடுவில், அருவியில் தண்ணீர் அளவுக்கு மீறி வந்து குளிக்கத் தடை போட்ட ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு சைதூன் பீவி போன் போட்டாள். பர்சானாவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது, ஆட்டோவில் ஏற்றிவிட்டோம் என்றாள். கிதிர் கையில் பேஸ்ட்டோடு பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தன.

இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்: “வீட்டுப் பக்கத்துல பொகை எதுவும் உண்டா? பிளாஸ்டிக் எரிக்கிறது, அந்த மாதிரி?”

கிதிர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டாக்டரிடம் காட்டினான். “இல்ல சார். பாருங்க. காத்து நல்லாத்தான் இருக்கு.”

மாஸ்க்குக்கு மேலே பர்சானாவின் கண் அவன் பக்கம் திரும்பியது. கையை லேசாகத் தூக்கினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பொழுது அடைந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் அவள் மௌத்தாகிவிட்டாள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஜெஸ்வின் வந்தார். வீட்டில் இடமில்லாமல் வாசலில் பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். யாரோ சாம்பிராணிச் சட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். புகை சுவரோடு ஏறிப் பெட்டியைச் சூழ்ந்தது. ஜெஸ்வினுக்குக் கண் எரிந்தது. துடைத்துக்கொண்டு தற்செயலாகப் போனைப் பார்த்தார்.

பச்சை.

சட்டியைக் கையில் தூக்கிப் பெட்டிக்கு நேராகவே பிடித்தார். பச்சைதான். ஓதி முடிந்து ஆட்கள் கலைகிறவரை காத்திருந்தார். பிறகு பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். சாம்பிராணியையும் மீறி, உள்ளே அடைபட்டுக் கிடந்த ஒரு புளித்த வாடை.

“அண்ணே, இதுல என்ன பூசுனீங்க?”

“பேஸ்ட்டு சார். சிலிக்கான். தண்ணி படக் கூடாதுன்னு சொன்னீங்களே.”

ஜெஸ்வின் சுவரில் சாய்ந்துகொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தயங்கியதைப் பார்த்து, “சொல்லுங்க சார்” என்றான் கிதிர்.

“அந்தப் பேஸ்ட்டுலேருந்து ஒரு ஆவி வரும்ணே. நமக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா உள்ள அந்த ஆக்சைடு சூடா இருக்குல்ல, ஆவி அது மேல பட்டு எரிஞ்சு, கண்ணாடி மாதிரி ஒரு தோலாப் படிஞ்சிரும். அப்புறம் எந்தக் கேஸும் உள்ள போய்த் தொட முடியாது. ஈரமும் தொடாது, பொகையும் தொடாது. நல்ல காத்துன்னே சொல்லிக்கிட்டு இருக்கும். இது செத்து ரொம்ப நாளாச்சு. நான் மொதல்லயே சொல்லிருக்கணும். பேஸ்ட்டு பூசுவீங்கன்னு எனக்குத் தோணலண்ணே.”

கிதிர் தன் வலது கை விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். சைதூன் பீவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தான்.

அடுத்த வாரம் விசாரணை. ஜெஸ்வின் கருவிக் கோளாறு என்று தானே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். “ஒங்க பேரு எதுக்குண்ணே? நாம வேற பெட்டி வைப்போம், அடுத்த வருசம் பாப்போம்.” கிதிர் தலையை ஆட்டினான். அது சம்மதமா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை. விசாரணை அன்று அவன் ஒரு மஞ்சப்பையோடு வந்தான்.

அதிகாரியின் அறையில் கம்ப்யூட்டர் திரையில் எங்கள் வரைபடம். சித்திரை, வைகாசி மேடும் பள்ளமுமாக இருந்தது. சாரல் தொடங்கிய சில நாள் மட்டும் உச்சியில் சிவப்பு, அதற்கப்புறம் தரையோடு தரையாக ஒரு பச்சைக் கோடு.

“மேல்காத்து காலத்துலதான் பொகை அதிகம்னு மனுவுல எழுதிருக்கீங்க. ஆனா ஒங்க கருவியே நல்ல காத்துன்னு சொல்லுது” என்றார் அதிகாரி.

“நான் சொன்னா நம்ப மாட்டாவ சார். அவுக பெட்டியே சொல்லீட்டு” என்றான் சுடலைராஜ். அன்று அவன் சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மையத்து எடுத்த வீட்டுக்காரன் எதிரே இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கிதிர் எழுந்து பையிலிருந்து பெட்டியை எடுத்துச் சுவர் பிளக்கில் மாட்டினான். “சூடாகணும் சார். கொஞ்சம் இருங்க” என்றான். போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசையில் வைத்தான். பச்சை வந்தது. அடுத்து ஒரு தகரத் தட்டு. அதில் காயலான்கடை வேலியோரம் பொறுக்கிய ஒரு முழ வயரைச் சுருட்டி வைத்து, யாரும் என்னவென்று கேட்கும் முன்னே தீ வைத்துவிட்டான்.

மழைக்குச் சாத்திய அறை. கருப்புப் புகை கூரைக்கு ஏறி, அங்கிருந்து கீழே இறங்கியது. அதிகாரி இருமிக்கொண்டே எழுந்தார். “யோவ்! பைத்தியமா உனக்கு? அணைய்யா!” உதவியாளர் ஜன்னலைத் திறக்க ஓடினார். சுடலைராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தான்.

“எங்க அண்ணாச்சி போறீரு?” என்றான் கிதிர். “ஒரு கூடைன்னு சொன்னீரே. இது ஒரு முழம்.”

பிறகு கண்ணில் நீர் வடிய, இருமலை அடக்கிக்கொண்டு, போனை எடுத்து அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பச்சை சார். பாருங்க. இப்பவும் பச்சை. நான்தான் பேஸ்ட்டு பூசி இதைக் கொன்னேன். பூசிப்போட்டு, இதைப் பாத்துதான் எம் பொண்டாட்டிகிட்ட காத்து நல்லாருக்குன்னு சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொன்னேன். இதை எழுதிக்கிடுங்க. கோளாறுன்னு எழுதாதீங்க. கிதிர் முகம்மது செஞ்சதுன்னு எழுதுங்க.”

ஜெஸ்வின் தட்டின் மேல் தண்ணீரைக் கொட்டினார்.

போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று உதவியாளர் சொன்னாராம். அதிகாரி வேண்டாம் என்றுவிட்டார். அன்று சாயங்காலமே குளத்தங்கரைக்கு நேரில் வந்து, கருகிய மண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். சீசன் முடிவதற்குள் காயலான்கடையில் தீ வைக்கத் தடை வந்தது. சுடலைராஜ் செம்பு எடுக்கிற வேலையை சிவகிரியை அடுத்த ராயகிரிப் பக்கம் எங்கோ ஒரு தோப்புக்கு மாற்றிக்கொண்டான் என்கிறார்கள். அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் சில நாள் தூக்கம் வருவதில்லை.

தெருவில் இப்போது வேறு பெட்டிகள் இருக்கின்றன. சாரல் படாமல் மேலே சின்னத் தகரக் கூரை போட்டிருக்கிறார் ஜெஸ்வின்.

போன விடுமுறையில் கிதிரைப் பார்த்தேன். லாட்ஜ் வேலையை விடவில்லை, வேறு வேலை அவனுக்குத் தெரியாது. ஆனால் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டான். கையால் பிசைந்தால் தொண்டையில் இறங்கவில்லை என்றான்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, “வாலே” என்றான். போனை எடுத்துக்கொள்ளவில்லை. தெருவின் மேற்கு முனையிலிருந்து வீடு வீடாக நின்று கேட்டுக்கொண்டே வந்தான். ஒவ்வொரு நாளும் இது அவனுக்கு ஒரு வேலையாகிவிட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாக நிற்பான்.

“ஏதாவது மணக்குதா? நெஞ்சு எப்படி இருக்கு?”

“பேஸ்ட்டு பாய் வந்துட்டாரு, எல்லாரும் மூக்கைக் காட்டுங்க” என்று ஒரு வீட்டில் சிரித்தார்கள். அவன் அதற்கும் நின்று பதில் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தான்.

கடைசியாகச் சைதூன் பீவி வீடு. அவள் துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். கிதிர் கேட்டதும் அவள் மேற்கே திரும்பி, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இல்லத்தா” என்றாள். “இன்னைக்கு ஒண்ணுமில்ல.”

“நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லுங்க” என்றான் அவன்.

அவள் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.